"அப்புறம் என்ன ஆனது?" என்று கேட்கவே ஆளில்லாமல் செய்துவிடாதீர்கள்: பல்கலைக்கழக ஆட்சிக்குழுவுக்கு ஒரு திறந்த மடல்

ஆட்சிக்குழு உறுப்பினர்களுக்கு,

சமூகப்பணித் துறையின் குடும்ப, குழந்தை நல ஆய்வுப் பிரிவை இந்தக் கல்வியாண்டோடு மூடுவது, ஓய்வு பெற்ற பேராசிரியரின் இடத்தை நிரப்பாமல் விடுவது, 11 ஆண்டுகளாக நடந்துவரும் தொடர் ஆய்வை "நிறைவடைந்ததாகக் கருதுவது", பிரிவிலுள்ள காகிதக் கோப்புகளை இடம் போதாத காரணத்தால் இந்த மாத இறுதிக்குள் அழிப்பது. உங்கள் சுற்றறிக்கையில் இருப்பது இவ்வளவுதான், ஒரே பக்கம். அதை மூன்று முறை படித்தேன். பிரிவின் பெயரில் வருவதைத் தவிர அந்தப் பக்கத்தில் குழந்தை என்ற சொல்லே இல்லை.

நான் அந்தப் பேராசிரியரிடம் மாணவியாக 2 ஆண்டும், கள ஆய்வாளராக 8 ஆண்டும் இருந்தவள். கடந்த ஓராண்டாக வேறு இடத்தில் வேலை பார்க்கிறேன், அதனால் இந்தப் பிரிவு மூடப்பட்டால் எனக்குச் சம்பள நஷ்டம் எதுவும் இல்லை. அவர் பெயரை இங்கே எழுதவில்லை. எழுதலாமா என்று கேட்டேன். தன் பெயரை வைத்துக்கூட எந்தக் குடும்பத்தையும் யாரும் அடையாளம் கண்டுவிடக் கூடாது என்றார். கீழே சொல்லப்போகும் சம்பவத்துக்கு அந்தத் தாயிடமும் மகனிடமும் அனுமதி வாங்கியிருக்கிறேன், ஆள் தெரியக்கூடிய விவரங்களை விட்டுவிட்டேன்.

முதலில், "நிறைவடைந்தது" என்ற சொல்.

இந்த ஆய்வு 20 ஆண்டுக்குத் திட்டமிடப்பட்டது, அதற்கு உங்கள் பல்கலைக்கழகத்தின் நெறிமுறைக் குழுவே ஒப்புதல் கொடுத்தது. "குழந்தை புறக்கணிக்கப்படுகிறது" என்று புகார் வந்த குடும்பங்களிலிருந்து 3 முதல் 7 வயது வரையிலான குழந்தைகளைச் சேர்த்தோம். அவர்களில் சிலர் சொந்த வீட்டிலேயே இருந்தார்கள், சிலரை உறவினர்கள் எடுத்துக்கொண்டார்கள், சிலர் வளர்ப்புக் குடும்பங்களுக்கும் சிலர் காப்பகங்களுக்கும் போனார்கள். எங்கே போனாலும் அவர்கள் பின்னாலேயே போய், பெரியவர்களாகும் வரை அவர்கள் வாழ்க்கை எப்படிப் போகிறது என்று பார்ப்பதுதான் ஆய்வு. சேரும்போது 7 வயதாக இருந்தவர்களுக்கு இந்த ஆண்டுதான் 18 ஆகிறது. படிப்பு முடிந்து வேலை, தனி வீடு, தனக்கென்று ஒரு குடும்பம் என்று அவர்கள் போகப்போகிற பாதை இனிமேல்தான் தொடங்குகிறது. விதைத்து, தண்ணீர் பாய்ச்சி, களையெடுத்து, கதிர் வரும் நேரத்தில் வயலைவிட்டுப் போகச் சொல்கிறீர்கள்.

பேராசிரியர் இந்த ஆய்வுக்கு எப்படி வந்தார் என்பது உங்களில் எத்தனை பேருக்குத் தெரியுமோ. அவர் முதலில் கல்லூரி ஆசிரியர் இல்லை. குழந்தைகள் காப்பகம் ஒன்றில் சமூகப்பணியாளராக இருந்தவர். 24 வயதில் அவர் எழுதிய ஓர் அறிக்கையின் பேரில் ஒரு வீட்டின் அக்காவும் தங்கையும் அம்மாவிடமிருந்து பிரிக்கப்பட்டு, ஆளுக்கொரு இடத்துக்கு அனுப்பப்பட்டார்கள். அறிக்கையில் தப்பு ஒன்றும் இல்லை, விதிப்படி எல்லாம் சரி. முதல் வகுப்பில் எங்களிடம் அவர் சொன்னது இது: "அந்த ரெண்டு பொண்ணுங்களும் அப்புறம் என்ன ஆனாங்கன்னு எனக்குத் தெரியாது. நான் செஞ்சது அவங்களுக்கு நல்லதா கெட்டதான்னே தெரியாது. தெரிஞ்சுக்க யார்கிட்டயும் வழி இல்லை. கையெழுத்து போட்டதோட என் வேலை முடிஞ்சு போச்சு. அதைத் தாங்க முடியாமத்தான் ஆராய்ச்சிக்கு வந்தேன்."

நான் கேட்ட வகுப்புகளில் மறக்காமல் நிற்பது அந்த ஒன்றுதான். குழந்தை நலத் துறையில் முடிவெடுப்பவர்கள் நிறைய பேர் இருக்கிறார்கள். அந்த முடிவுக்கு அப்புறம் என்ன ஆனது என்று திரும்பிப் போய்ப் பார்ப்பவர்கள் மிகக் குறைவு. அவருடைய உழைப்பு முழுவதும் அந்த ஒரு கேள்விக்காகத்தான்.

இனி அந்தச் சம்பவம். ஆய்வின் முதல் ஆண்டு, நான் போன முதல் வீடுகளில் ஒன்று. ஒற்றை அறை. ஒரு தாய், 6 வயது மகன், வேறு யாரும் இல்லை. அந்த அம்மாவுக்கு இரவு ஷிஃப்ட் வேலை. "குழந்தை இரவு முழுவதும் வீட்டில் தனியாக விடப்படுகிறது" என்பது புகார். நான் வினாப்படிவத்தை மடியில் வைத்துக்கொண்டு கேள்விகளை வரிசையாகக் கேட்க ஆரம்பித்தேன். அந்த அம்மா என்னைப் பார்க்காமல், ஏற்கெனவே மடித்திருந்த ஒரு துண்டை உதறி மறுபடி மடித்துக்கொண்டே "ஆமாம்", "இல்லை" என்று மட்டும் சொன்னார். நாலாவது கேள்வியோ ஐந்தாவதோ, என்னோடு வந்திருந்த பேராசிரியர், நாங்கள் மேடம் என்று அழைப்பவர், என் கையிலிருந்த படிவத்தை மெதுவாக வாங்கித் தன் பைக்குள் வைத்துவிட்டுத் தரையில் பையனுக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தார். கதவின் உள்தாழ்ப்பாளில் ஒரு கயிறு கட்டித் தொங்கிக்கொண்டிருந்தது. நானும் அதைப் பார்த்திருந்தேன், ஆனால் கவனிக்கவில்லை. அவர் கேட்டார்: "இந்தக் கயிறு எதுக்குப்பா?"

"தாழ்ப்பாள் எனக்கு எட்டாது. தீப்பிடிச்சா இதை இழுத்துத் திறக்கணும். மத்த நேரத்துல பக்கத்து வீட்டு அத்தை மூணு தட்டு தட்டுனா மட்டும்தான் திறக்கணும்."

இரவில் பக்கத்து வீட்டு அம்மா நடுச்சுவரைத் தட்டுவாராம், இவன் பதிலுக்குத் தட்ட வேண்டுமாம். தட்டவில்லை என்றால் தூங்கிவிட்டான் என்று அர்த்தம், அவர் வந்து ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டுப் போவாராம். இவ்வளவு ஏற்பாட்டையும் அந்தத் தாய் செய்து வைத்திருந்தார். என் படிவத்தில் இருந்த கேள்வியோ "குழந்தை மேற்பார்வையின்றி விடப்படுகிறதா? ஆம் / இல்லை". அவர் "ஆம்" என்றுதான் சொல்லியிருந்தார். பொய் சொல்லவில்லை.

6 வயதுப் பிள்ளையை இரவில் தனியாக விடலாம் என்று நானும் சொல்ல மாட்டேன், மேடமும் சொன்னதில்லை. அந்தத் தாய்க்குத் தேவைப்பட்டது பகல் வேலையா, இரவில் குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஓர் ஏற்பாடா, அல்லது பிள்ளையை அவரிடமிருந்து எடுத்துக்கொண்டு போவதா என்பதுதான் கேள்வி. நாங்கள் அடுத்த முறை போனபோது பையன் காப்பகத்தில் இருந்தான். ஏறக்குறைய 2 ஆண்டு அங்கே இருந்தான். பகல் நேர வேலை கிடைத்த பிறகு அவர் போராடி அவனைத் திரும்ப அழைத்து வந்தார். வீட்டுக்கு வந்தும் பல மாதம் அவன் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு தூங்கச் சம்மதிக்கவே இல்லை, அம்மா வீட்டில் இருந்தாலும் தாழ்ப்பாளைப் போட்டுவிட்டுக் கயிற்றைக் கையில் சுற்றிக்கொண்டு படுப்பான் என்று என் களக்குறிப்பில் இருக்கிறது.

அந்த முதல் சந்திப்புக்குப் பிறகு படிவத்தில் ஒரு கேள்வி சேர்ந்தது: "பெற்றோர் இல்லாத நேரத்தில் குழந்தையின் பாதுகாப்புக்கு வீட்டில் என்ன ஏற்பாடு செய்திருக்கிறார்கள்?" அதற்குக் கட்டம் கிடையாது, எழுதித்தான் ஆக வேண்டும். அந்தக் கேள்விக்கு வந்த பதில்களைப் படித்தால் வறுமை எது, அலட்சியம் எது என்று பிரித்துப் பார்க்கக் கண் பழகும்.

இந்த இரண்டையும் ஒன்றென்று நினைப்பது இன்று நேற்று வந்த தவறு இல்லை. 1909-ல் அமெரிக்க அதிபர் தியோடர் ரூஸ்வெல்ட் கூட்டிய வெள்ளை மாளிகை மாநாடே, வறுமை என்ற காரணத்துக்காக மட்டும் ஒரு குழந்தையின் வீட்டைக் கலைக்கக் கூடாது என்று சொல்லிவிட்டது. அதைத் தொடர்ந்து 1912-ல் அங்கே குழந்தைகள் நலனுக்கென்று ஓர் அரசு அலுவலகம் வந்தது, ஜூலியா லாத்ரப் அதற்குத் தலைவரானார். அவர்கள் எடுத்த முதல் பெரிய கள ஆய்வு பென்சில்வேனியாவின் ஜான்ஸ்டவுன் என்ற எஃகு ஆலை நகரத்தில் நடந்தது. 1911-ல் அங்கே பிறந்த குழந்தைகளின் வீடுகளுக்குப் பெண் ஆய்வாளர்கள் கதவு கதவாகப் போய்த் தாய்மார்களிடம் பேசினார்கள். கைக்குழந்தை செத்தால் தாய்க்கு வளர்க்கத் தெரியவில்லை என்று பேசிக்கொண்டிருந்த காலம் அது. தகப்பனின் கூலி குறையக் குறையக் குழந்தைகள் சாவது கூடுகிறது என்று அந்த ஆய்வு காட்டியது. வீட்டுக்குப் போகாமல் அலுவலகத்தில் உட்கார்ந்து கண்டுபிடித்திருக்க முடியாது. அதற்குப் பிறகு எத்தனையோ தலைமுறை தாண்டி, மாற்றுப் பராமரிப்புக்கான, அதாவது பெற்றோரிடம் இல்லாத குழந்தைகளை வேறிடத்தில் வளர்ப்பதற்கான, 2009-ம் ஆண்டு ஐ.நா. வழிகாட்டு நெறிகளும் அதையே திரும்பச் சொல்ல வேண்டியிருந்தது: பொருளாதார வறுமை மட்டுமே குழந்தையைப் பெற்றோரிடமிருந்து பிரிக்க ஒருபோதும் காரணமாகக் கூடாது. 100 ஆண்டு இடைவெளியில் ஒரே விஷயத்தை இரண்டு முறை சொல்ல வேண்டியிருக்கிறது என்றால், அந்தத் தவறு இன்னும் வீடுகளில் நடந்துகொண்டிருக்கிறது என்றுதான் பொருள். எங்கே, எப்படி நடக்கிறது என்று காட்டுவதுதான் நீங்கள் மூடும் பிரிவின் வேலை.

அடுத்தது, உங்கள் மதிப்பீட்டுக் குழு இந்தப் பிரிவைப் பற்றித் தன் அறிக்கையில் எழுதிய "குறைந்த வெளியீடு" என்ற குறை. ஆண்டுக்கு எத்தனை கட்டுரை என்று எண்ணியிருக்கிறார்கள், எண்ணிக்கை சரிதான், குறைவுதான். ஒவ்வொரு சந்திப்புக்கும் இரண்டு பேர் போவோம். அன்று இரவுக்குள் தனித்தனியாகக் குறிப்பு எழுதுவோம், ஒருவர் எழுதியதை மற்றவர் பார்க்கக் கூடாது. அப்புறம் உட்கார்ந்து எங்கே வேறுபடுகிறோம் என்று பார்ப்போம். ஒரு குடும்பம் வீடு மாறிப் போய்விட்டால் கண்டுபிடிக்க வாரக்கணக்கில் ஆகும், ஒரு வீட்டைத் தேட எனக்கு 6 மாதம் ஆனது. கண்டுபிடிக்காமல் விட்டால் அந்தக் குழந்தை ஆய்விலிருந்து விழுந்துவிடும். மிகவும் கஷ்டப்படுகிற குடும்பங்கள்தான் அடிக்கடி வீடு மாறும் என்பதால், விழுகிறவர்கள் எப்போதும் யாரைப் பற்றி நமக்கு அதிகம் தெரிய வேண்டுமோ அவர்களாகவே இருப்பார்கள். இந்தத் தேடலுக்கு உங்கள் மதிப்பீட்டுப் படிவத்தில் ஒரு கட்டம்கூட இல்லை.

இந்தத் துறையில் தெரியவேண்டியவை மெதுவாகத்தான் தெரிய வந்திருக்கின்றன. பச்சிளங்குழந்தைகளின் எக்ஸ்ரே படங்களில் காரணம் சொல்லப்படாத எலும்பு முறிவுகள் தலைக்குள் ரத்தக்கசிவோடு சேர்ந்து வருவதை ஜான் காஃபி 1946-ல் எழுதினார். அது குழந்தைகள் அடிக்கப்படுவதன் அடையாளம் என்று ஹென்றி கெம்பேயும் சக மருத்துவர்களும் பெயர் சொல்லி எழுத 1962 வரை ஆனது.

காவாய் ஆய்வைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் உங்கள் முடிவுக்கு நேரான பதில் அதில் இருக்கிறது. ஹவாயின் காவாய் தீவில் 1955-ல் பிறந்த 698 குழந்தைகளை எம்மி வெர்னர், ரூத் ஸ்மித் இருவரும் பிறப்பிலிருந்து 40 வயது வரை பின்தொடர்ந்தார்கள். வறுமை, பிறப்புச் சிக்கல், குடும்பத்தில் குடி, மனநோய் என்று பல சுமைகள் ஒன்றாகச் சேர்ந்த குழந்தைகளிலேயே மூன்றில் ஒருவர் நல்லபடியாக வளர்ந்து வந்தார்கள். தங்களை நம்பி அரவணைத்த ஒரு பெரியவராவது அவர்களுக்கு நிலையாக இருந்தார் என்பது அதில் முக்கியமாகத் தெரிந்தது. அது தாத்தா பாட்டியாகவோ ஆசிரியராகவோகூட இருக்கலாம். இது எல்லோரும் மேற்கோள் காட்டும் பகுதி. மேடம் எங்களைத் திரும்பத் திரும்பப் படிக்க வைத்தது இன்னொரு பகுதியை. பதின்ம வயதில் தடுமாறிப்போய், பிரச்சினைக்காரர்கள் என்று பெயர் வாங்கியவர்களில் பெரும்பாலானோர் முப்பது நாற்பது வயதுக்குள் தங்கள் வாழ்க்கையைச் சரிசெய்துகொண்டிருந்தார்கள். 18 வயதில் அந்த ஆய்வை யாராவது "நிறைவடைந்ததாகக் கருதியிருந்தால்" அவர்கள் எல்லாம் தோற்றுப்போனவர்கள் என்ற பட்டியலிலேயே இன்றுவரை இருந்திருப்பார்கள். நீங்கள் நிறுத்தச் சொல்வது சரியாக அந்த வயதில்தான்.

ருமேனியாவில் புக்கரெஸ்ட் ஆய்வும் அப்படியே. காப்பகங்களில் இருந்த 136 கைக்குழந்தைகளில் பாதிப் பேருக்கு வளர்ப்புக் குடும்பம் கிடைக்கச் செய்து, இரு தரப்பையும் பெரியவர்களாகும் வரை பார்த்துவருகிறார்கள். ஏறக்குறைய 2 வயதுக்குள் குடும்பத்துக்குப் போனவர்கள் பல விஷயங்களில் நன்றாகத் தேறினார்கள் என்று அதிலிருந்து தெரிந்தது. ஆய்வை நடத்தியவர்கள் யாரும் அதை நாலைந்து ஆண்டோடு மூட்டை கட்டிவிடவில்லை.

நிதி இல்லை என்கிறீர்கள். சரி, இருக்காது என்று நான் வாதாடவில்லை. ஆனால் இந்த ஆய்வுக்கு ஆய்வகம் இல்லை, கருவி இல்லை. இரண்டு கள ஆய்வாளர்களின் சம்பளமும் பயணச் செலவும்தான். ஆண்டுக்கு ஒரு சந்திப்பை இரண்டு ஆண்டுக்கு ஒன்று என்று குறைத்து, இடையில் தொலைபேசியில் தொடர்பில் இருக்கலாம் என்று பேராசிரியரே எழுதிக் கொடுத்தார். அடுத்த ஆளை இப்போதே நியமித்தால் கூட இருந்து பழக்கிவிட்டுப் போகிறேன் என்று ஓய்வுக்கு முன்னால் மூன்று முறை கடிதம் கொடுத்தார், பதில் வரவில்லை. எங்கள் பக்கத் தவறு ஒன்றையும் சொல்லிவிடுகிறேன்: களக்குறிப்புகளை அவ்வப்போது கணினியில் ஏற்றியிருக்க வேண்டும், ஏற்றவில்லை. மதிப்பெண்களையும் கட்டங்களையும் மட்டும் ஏற்றினோம், மற்றதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டோம். அதனால் இன்று கணினியில் இருக்கும் தரவை எடுத்தால், நான் சொன்ன அந்த வீட்டுக்கு முதல் ஆண்டில் "மேற்பார்வை: இல்லை" என்று மட்டும்தான் இருக்கும். கயிறு காகிதத்தில்தான் இருக்கிறது. சுவரில் தட்டிய தட்டும் காகிதத்தில்தான் இருக்கிறது. நீங்கள் அழிக்கச் சொல்லியிருப்பது அந்தக் காகிதத்தை.

இவை உங்கள் அறைகளில் இடத்தை அடைக்கும் பழைய தாள்கள் இல்லை. ஒவ்வொரு வீட்டிலும் உட்கார்ந்து, ஒப்புதல் படிவத்தை வாய்விட்டுப் படித்துக் காட்டி, "20 வருஷம் வருவோம், எப்போ வேணாம்னு தோணுதோ சொல்லுங்க, நிறுத்திடுறோம்" என்று சொல்லி வாங்கிய நம்பிக்கை அது. நிறுத்தும் உரிமையை நாம் அவர்களுக்குத்தான் கொடுத்தோம். இப்போது அவர்களிடம் ஒரு வார்த்தை கேட்காமல் நீங்கள் நிறுத்துகிறீர்கள். அது மட்டும் இல்லை, இதுவரை அந்தப் பிள்ளைகளுக்காகப் பெற்றோரோ பாதுகாவலரோ கையெழுத்திட்டார்கள். 18 ஆகும்போது அவர்களிடமே புதிதாகக் கேட்க வேண்டும் என்பது ஆய்வின் விதி. தன்னைப் பாதிக்கும் விஷயங்களில் குழந்தையின் கருத்தைக் கேட்க வேண்டும் என்று 1989-ம் ஆண்டின் குழந்தை உரிமைகள் உடன்படிக்கை 12-வது பிரிவில் சொல்கிறது. அவர்கள் சொந்தமாகப் பதில் சொல்லும் வயது வருவதற்கும் நீங்கள் கேள்வியையே எடுத்துவிடுவதற்கும் சில மாதம்தான் இடைவெளி.

கயிறு கட்டிய வீட்டுப் பையனுக்கு இப்போது 17 வயது. நான் வேலையை விடுவதற்கு முன்னால் கடைசியாகப் போனபோது வாசல் வரை வந்து ஒன்று கேட்டான். "அக்கா, சின்ன வயசுல என்னைப் பத்தி எழுதினீங்கல்ல, அதை நான் படிக்கலாமா? அங்க இருந்த ரெண்டு வருஷம் எனக்குச் சரியா ஞாபகமே இல்ல." காப்பகத்தில் வளர்ந்த பிள்ளைகளுக்கு வீட்டில் ஆல்பம் இருக்காது, எப்போது நடந்தாய், எப்போது பல் விழுந்தது என்று சொல்ல ஆள் இருக்காது. பெரியவர்களான பிறகு தங்கள் பழைய கோப்பைத் தேடி அலுவலகம் அலுவலகமாக அலைகிறவர்கள் எல்லா நாட்டிலும் இருக்கிறார்கள். அவனிடம் நான், 18 ஆனதும் நீ எழுதிக் கேட்டால் உன்னைப் பற்றிய பகுதியைத் தருவோம் என்று சொன்னேன். அது என் சொந்த வாக்கு இல்லை, ஆய்வின் விதியில் இருப்பதைத்தான் சொன்னேன். உங்கள் பல்கலைக்கழகத்தின் பெயரில் சொன்னேன்.

நான் கேட்பது இவைதான்.

கோப்புகளை அழிக்கும் உத்தரவை இந்த மாதம் முடிவதற்குள் எழுத்துபூர்வமாக ரத்து செய்யுங்கள். மற்ற எதையும் பிறகு பேசித் தீர்க்கலாம், இது ஒன்று நடந்துவிட்டால் திரும்ப வராது. பெயர்ப்பட்டியல் தனியாகவும் குறிப்புகள் தனியாகவும் இப்போது பூட்டி வைத்திருப்பது போலவே இருக்கட்டும். அடையாளங்களை நீக்கிக் கணினியில் ஏற்ற ஓராண்டு கொடுங்கள். அந்த வேலைக்கு நானும் முன்னாள் மாணவர்கள் சிலரும் ஊதியம் இல்லாமல் வரத் தயார், ரகசியக் காப்பு உறுதிமொழியில் மறுபடி கையெழுத்திடுகிறோம்.

ஆய்வைத் திட்டமிட்ட 20 ஆண்டு வரை, குறைந்த சந்திப்புகளோடாவது தொடர அனுமதியுங்கள். காலியான இடத்தில் குழந்தை நலத்தில் களஅனுபவம் உள்ள ஒருவரை நியமியுங்கள், ஓய்வு பெற்ற பேராசிரியர் அவரோடு ஓராண்டு இருந்து குடும்பங்களுக்கு அறிமுகப்படுத்த வழி செய்யுங்கள், ஏனென்றால் புது முகத்துக்கு இந்த வீடுகளில் கதவு எளிதில் திறக்காது. மதிப்பீட்டுக் குழு மறுபடி கூடி, ஆய்வில் தங்கியிருக்கும் குடும்பங்களையும் அவர்களைத் தக்கவைக்கும் உழைப்பையும் கணக்கில் எடுத்து அறிக்கையைத் திருத்தட்டும்.

இத்தனைக்குப் பிறகும் மூடத்தான் போகிறீர்கள் என்றால், முடிவை அறிவிப்பது அந்தக் குடும்பங்களுக்கு முதலில் நடக்கட்டும். கடிதம் அனுப்பாதீர்கள், பலருக்குப் படிக்க வராது. உங்களில் ஒருவர் எங்களோடு வீடு வீடாக வந்து நேரில் சொல்லுங்கள்.

அந்தப் பையனுக்கு 18 ஆக இன்னும் 5 மாதம் இருக்கிறது. அவன் எழுதிக் கேட்கும் நாளில் அவன் கோப்பு அதே அலமாரியில் இருக்கும் என்று எனக்கு அல்ல, அவனுக்குப் பதில் எழுதுங்கள். கடிதத்தை நான் கொண்டுபோய்க் கொடுக்கிறேன்.

இப்படிக்கு,
குடும்ப, குழந்தை நல ஆய்வுப் பிரிவின் முன்னாள் கள ஆய்வாளர்